செடியின் கணக்கைச் செடியிடமே கேளுங்கள்

ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே என்னிடம் கேட்பது ஒன்று உண்டு: "ஐயா, செடியின் மைட்டோகாண்ட்ரியா கொழுப்பு அமிலத்தை எப்படி உடைத்துச் சக்தி எடுக்கிறது?" நான் திருப்பிக் கேட்பேன்: "அது உடைக்கிறது என்று உங்களுக்கு யார் சொன்னது?" பிள்ளை முழிக்கும். பிளஸ் டூவில் படித்தது, கல்லூரியில் படித்தது, தேர்வில் எழுதி மார்க் வாங்கியது, எல்லாம் ஒரு நொடியில் ஆடிப்போகும். ஆடட்டும். செடிகளின் உயிர்வேதியியலில் இறங்குகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதெல்லாம் அந்த ஆட்டத்திலிருந்துதான் தொடங்குகிறது. பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. பாடம் எந்தப் பிராணியைப் பார்த்து எழுதப்பட்டது என்று பாருங்கள்.

கொழுப்பு அமிலம் இரண்டிரண்டு கரியாக வெட்டுப்படுகிறது என்பதை 1904-ல் கண்டவர் ஜெர்மனியின் ஃபிரான்ஸ் நூப். கொழுப்பு அமிலத்தின் வாலில் ஃபீனைல் வளையத்தை அடையாளமாகக் கட்டி நாய்களுக்குக் கொடுத்தார். சிறுநீரில் என்ன வருகிறது என்று பார்த்தார். கரி எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் ஒரு பொருள், இரட்டைப்படையாக இருந்தால் வேறொரு பொருள். அதை வைத்தே வெட்டு எங்கே விழுகிறது என்று கணித்துவிட்டார். இந்த வேலை மைட்டோகாண்ட்ரியாவில் நடக்கிறது என்று 1949-ல் காட்டினார்கள் கென்னடியும் லெனிஞ்சரும். அவர்கள் கையில் இருந்தது எலியின் ஈரல்.

நாய், எலி. இரண்டும் நல்ல சோதனைகள், முடிவுகளும் சரி. ஆனால் அங்கே செடி எங்கே இருக்கிறது? பாடப்புத்தகம் "உயிரணு" என்று பொதுவாக எழுதும்போது, எந்த உயிரின் அணு என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

2. ஓர் ஆமணக்கு முத்தை ஐந்து நாள் பாருங்கள்.

கருவி எதையும் தொடுவதற்கு முன் இதைச் செய்யச் சொல்வேன். முத்தை ஊறவைத்து, ஈர மண்ணில் புதைத்து, சுமார் 30 டிகிரி வெப்பத்தில் இருட்டில் வையுங்கள். மூன்றாம் நாள் வேர் நீளும். ஐந்தாம் நாள் எடுத்துக் கழுவி, நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். நடுவே காகிதம்போல இரண்டு மெல்லிய விதையிலைகள். அவற்றை இருபுறமும் அணைத்தபடி வெள்ளையாக, தடித்து, தொட்டால் வழுக்கும் சதை. அதுதான் கருவூண். முத்தின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய், அந்த எண்ணெய் பெரும்பாலும் இந்தச் சதையில்தான் இருக்கிறது.

இருட்டில் இருக்கும் அந்த முளைக்கு வெயில் கிடையாது, பச்சை இலை கிடையாது. ஆனாலும் ஒரு சாண் தண்டும் வேரும் வளர்ந்திருக்கிறது. தண்டும் வேரும் செல்லுலோஸ், அதாவது சர்க்கரையால் ஆனது. உள்ளே இருந்ததோ எண்ணெய். எண்ணெய் எப்படிச் சர்க்கரையானது? உங்கள் உடம்பாலும் என் உடம்பாலும் கொழுப்பு அமிலத்தைச் சர்க்கரையாக மாற்ற முடியாது. ஒரு கொட்டைமுத்து அதை ஓசையில்லாமல் செய்கிறது. இந்த வியப்பு உங்களுக்கு வந்தபிறகு புத்தகத்தைத் திறங்கள்.

3. கண்டுபிடித்தவர்களின் வழியைப் படியுங்கள், முடிவை மட்டும் படிக்காதீர்கள்.

1957-ல் ஹான்ஸ் கார்ன்பெர்க்கும் ஹான்ஸ் கிரெப்ஸும் பாக்டீரியாவில் கிளையாக்சிலேட் சுழற்சியைக் கண்டார்கள். அதே ஆண்டு கார்ன்பெர்க்கும் ஹாரி பீவர்ஸும் ஆமணக்கு முளையிலும் அது இருப்பதைக் காட்டினார்கள். எண்ணெய் சர்க்கரையாவதற்கான வழி கிடைத்துவிட்டது. இது நடக்கும் அறை எது என்ற கேள்வி மிச்சம். பத்து ஆண்டு கழித்து, 1967-ல், பிரைடன்பாக்கும் பீவர்ஸும் ஆமணக்குக் கருவூணைக் கொத்தி, சுக்ரோஸ் கரைசலில் அடர்த்தி வாரியாகப் பிரித்தார்கள். கன சென்டிமீட்டருக்கு 1.19 கிராம் அடர்த்தியில் மைட்டோகாண்ட்ரியா ஒரு பட்டையாக நின்றது. அதற்குக் கீழே, 1.25 அருகே, இன்னொரு பட்டை. சுழற்சியின் தனி நொதிகள் அந்தக் கீழ்ப்பட்டையில் இருந்தன. அதற்கு கிளையாக்சிசோம் என்று பெயர் வைத்தார்கள். 1969-ல் கூப்பரும் பீவர்ஸும் கொழுப்பு அமிலத்தை வெட்டும் பீட்டா ஆக்சிஜனேற்றமும் அதே பட்டையில்தான் நடக்கிறது என்று காட்டினார்கள்.

கிளையாக்சிசோம் என்பது பெராக்சிசோமின் ஒரு வகைதான். எலி ஈரலின் பெராக்சிசோமிலும் கொழுப்பு உடைகிறது என்று லாசரோவும் டி டூவும் சொன்னது 1976-ல். இந்த ஒரு விஷயத்தில் ஆமணக்கு எலியை முந்திக்கொண்டது.

4. நான்கு படிகளையும் மனப்பாடம் செய்யுங்கள், முதல் படியில் மட்டும் நின்று கவனியுங்கள்.

ஆக்சிஜனேற்றம், நீர் சேர்ப்பு, மறுபடி ஆக்சிஜனேற்றம், வெட்டு. நாலும் முடிந்தால் இரண்டு கரி கொண்ட அசிட்டைல் கோ-ஏ ஒன்று கழன்று விழும். மைட்டோகாண்ட்ரியாவிலும் பெராக்சிசோமிலும் வரிசை ஒன்றுதான். வேறுபாடு முதல் படியில். எலியின் மைட்டோகாண்ட்ரியாவில் அந்தப் படியைச் செய்வது டிஹைட்ரஜனேஸ். பிடுங்கிய எலக்ட்ரானை அது சுவாசச் சங்கிலியிடம் ஒப்படைக்கும், அதிலிருந்து ஏடிபி பிறக்கும். பெராக்சிசோமில் அதே படியைச் செய்வது ஆக்சிடேஸ். அது எலக்ட்ரானை நேராக ஆக்சிஜனிடம் கொடுத்துவிடும். கிடைப்பது ஹைட்ரஜன் பெராக்சைடும் கொஞ்சம் சூடும். அந்த நச்சைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் முறித்துப் போடக் கேட்டலேஸ் என்ற நொதி பக்கத்திலேயே காத்திருக்கும்.

முளைகட்டிய நிலக்கடலையை நசுக்கி, மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை ஒரு சொட்டு விடுங்கள். நுரை பொங்கும். வேகவைத்த கடலையில் விட்டால் பொங்காது. முன்னதில் பொங்கவைப்பது கேட்டலேஸ். ஆனால் நுரையைப் பார்த்ததும் "கொழுப்பு உடைகிறது" என்று எழுதிவிடாதீர்கள். உருளைக்கிழங்கிலும் நுரை வரும்.

5. கணக்கைக் கையால் போடுங்கள்.

16 கரி கொண்ட பால்மிடிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 7 வெட்டு, 8 அசிட்டைல் கோ-ஏ. எலியின் மைட்டோகாண்ட்ரியாவில் முழுக்க எரித்தால் இன்றைய கணக்குப்படி 106 ஏடிபி. பழைய புத்தகங்களில் 129 என்று இருக்கும், இரண்டையும் கலக்காதீர்கள். பெராக்சிசோமில் முதல் படியின் எலக்ட்ரான் வீணாவதால் வெட்டுக்கு ஒன்றரை வீதம் பத்தரை ஏடிபி நட்டம்.

செடி ஏன் இந்த நட்டத்தைப் பொறுத்துக்கொள்கிறது? முளையின் அவசரத் தேவை சர்க்கரை. 8 அசிட்டைலும் கிளையாக்சிலேட் வழியே போனால் 12 கரி கொண்ட ஒரு சுக்ரோஸ் கிடைக்கும், 4 கரி மட்டும் கரியமில வாயுவாகப் போகும். எடையில் பாருங்கள்: 256 கிராம் பால்மிடிக் அமிலம், 342 கிராம் சுக்ரோஸ். போட்டதைவிட எடுத்தது அதிகம்! மிச்ச எடை காற்றிலிருந்து வந்த ஆக்சிஜன். காகிதக் கணக்குதான், செடியில் முழுசாக இப்படி நடக்காது. ஆனாலும் எண்ணெய் வித்துகள் முளைக்கும்போது உலர் எடை முதலில் சற்று ஏறுவதன் காரணம் இதில் இருக்கிறது.

சுவாச ஈவையும், அதாவது வெளிவரும் கரியமில வாயுவை உள்ளே போகும் ஆக்சிஜனால் வகுத்து, போடுங்கள். பால்மிடிக் அமிலம் முழுக்க எரிந்தால் 16-ஐ 23-ஆல் வகுக்க 0.70. சுக்ரோஸாக மாறினால் 4-ஐ 11-ஆல் வகுக்க 0.36. முளையின் சுவாசத்தை அளந்து 0.70-க்குக் கீழே வந்தால், எண்ணெய் வெறுமனே எரியவில்லை, சர்க்கரையாகிறது என்று அந்த எண்ணே சொல்லிவிடும்.

6. மைட்டோகாண்ட்ரியாவை ஒதுக்கிவிடாதீர்கள்.

"அப்படியென்றால் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வேலையே இல்லையா?" என்று அடுத்த கேள்வி வரும். நெல்லை அரைப்பது ரைஸ் மில்லில், சோறு பொங்குவது வீட்டு அடுப்பில். மில் பெராக்சிசோம் என்றால் அடுப்பு மைட்டோகாண்ட்ரியா. கிளையாக்சிலேட் சுழற்சியிலிருந்து வரும் சக்சினேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குத்தான் போகிறது. அங்கே எலக்ட்ரானைக் கொடுத்து, மாலேட்டாக மாறி வெளியே வந்து, சர்க்கரைக்கான பாதையில் ஏறுகிறது. பெராக்சிசோமில் சேரும் என்ஏடிஹெச்சின் சுமையையும் மாலேட் கைமாற்றிக் கொண்டுபோகும். சர்க்கரை கட்டுவதற்கு வேண்டிய ஏடிபியைத் தருவதும் மைட்டோகாண்ட்ரியாவே. எண்ணெயைச் சர்க்கரையாக்காமல் எரிக்க வேண்டி வந்தால், அசிட்டைல் சிட்ரேட் உருவில் பெராக்சிசோமை விட்டு வெளியேறும். எரிவது மைட்டோகாண்ட்ரியாவில்தான். வெட்டு மட்டும் அங்கே விழுவதில்லை.

7. கை வேலையில் அவசரப்படாதீர்கள்.

கருவூணை மிக்சியில் போட்டு அடிக்காதீர்கள். கிளையாக்சிசோம் மெல்லிய ஒற்றைச் சவ்வு கொண்டது, சட்டென்று கிழியும். ஐஸ் மேல் வைத்த தட்டில், சவர பிளேடால், பொறுமையாகக் கொத்துங்கள். கைவலிக்கத்தான் செய்யும். கரைசல், குழாய், சென்ட்ரிபியூஜின் ரோட்டர் எல்லாம் முன்கூட்டியே குளிர்ந்திருக்க வேண்டும். சுழற்றி எடுத்ததும் குழாயின் மேலே கொழுப்பு ஆடைபோல மிதக்கும். அதைக் கரண்டியால் வழித்து எறிந்த பிறகே கீழே உள்ளதைத் தொடுங்கள்.

கையுறை கட்டாயம். ஆமணக்கு முத்தில் ரிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. எண்ணெயில் வராது, சக்கையில் தங்கிவிடும். நம் ஊர் விவசாயிகள் ஆமணக்குப் புண்ணாக்கை வயலுக்கு உரமாகப் போடுவார்கள், மாட்டுத் தொட்டியில் போட மாட்டார்கள். அந்த அறிவு ஆய்வகத்திலும் வேண்டும். காய்ந்த முத்தைப் பொடியாக்காதீர்கள், தூசியை முகராதீர்கள்.

8. "கேட்டலேஸ் பார்த்தாயா?"

இது என் கதை. ஆராய்ச்சிக்குச் சேர்ந்த முதல் வருடம். ஐந்து நாள் முளையைக் கொத்தி, சுழற்றி, 10,000 ஜியில் அடியில் படிந்ததை எடுத்தேன். மைட்டோகாண்ட்ரியா என்று குழாயில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன். பால்மிடாயில் கோ-ஏ, கோ-ஏ, என்ஏடி எல்லாம் விட்டு 340 நானோமீட்டரில் வைத்தேன். ஊசி ஏறியது! ஏறிக்கொண்டே இருந்தது. செடியின் மைட்டோகாண்ட்ரியா கொழுப்பை உடைக்கிறது, பீவர்ஸ் தவறு, நான் சரி. வரைபடத் தாளைக் கிழித்துக்கொண்டு எங்கள் பேராசிரியரின் அறைக்கு ஓடினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, "கேட்டலேஸ் பார்த்தாயா?" என்றார். பார்க்கவில்லை. "போய்ப் பார்த்துவிட்டு வா."

பார்த்தேன். என் "மைட்டோகாண்ட்ரியா"வில் கேட்டலேஸ் கொட்டிக் கிடந்தது. பாதி பெராக்சிசோம். அடர்த்திச் சரிவில் பிரித்த பிறகு மைட்டோகாண்ட்ரியா பட்டையில் ஊசி அசையவில்லை. கீழ்ப்பட்டையில் அசைந்தது.

ஆகவே ஒவ்வொரு பகுதியிலும் அடையாள நொதிகளை அளந்து எழுதுங்கள். மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஃபியூமரேஸ் அல்லது சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ், பெராக்சிசோமுக்கு கேட்டலேஸ். உடைந்த கிளையாக்சிசோமிலிருந்து சிந்தும் சில நொதிகள் பக்கத்துச் சவ்வில் போய் ஒட்டிக்கொள்ளும் என்பதையும் மறக்காதீர்கள்.

9. சயனைடு சொல்வதை நம்புமுன் யோசியுங்கள்.

எலி ஈரலில் ஒரு சுலபமான சோதனை உண்டு. சயனைடு போட்டால் மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசம் நின்றுவிடும், பெராக்சிசோமின் ஆக்சிடேஸ் நிற்காது. ஆகவே சயனைடுக்கு மசியாததெல்லாம் பெராக்சிசோம். செடியில் இதை அப்படியே செய்தால் ஏமாந்துபோவீர்கள். செடியின் மைட்டோகாண்ட்ரியாவில் மாற்று ஆக்சிடேஸ் என்று ஒன்று இருக்கிறது. சயனைடு அதைத் தடுக்காது. தாமரைப் பூ தன்னைத் தானே சூடாக வைத்துக்கொள்வதும் இந்த நொதியின் தயவில்தான். சாலிசில்ஹைட்ராக்சாமிக் அமிலம் போட்டு அந்த வழியையும் அடைத்த பிறகே முடிவு சொல்லுங்கள். சயனைடு கேட்டலேஸையும் முடக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள். எலிக்கு எழுதிய சமையல் குறிப்பு செடிக்கு ஒத்துவராது.

10. பெயர் ஒத்திருந்தால் தொழில் ஒத்திருக்கும் என்று எண்ணாதீர்கள்.

விலங்குகளில் கொழுப்பு அமிலத்தை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கடத்துவது கார்னிடின். அதைத் தூக்கிச் செல்லும் புரதத்தோடு ஒத்த ஒரு புரதம் அராபிடாப்சிஸ் செடியின் மைட்டோகாண்ட்ரியாவிலும் இருக்கிறது. 2002-ல் அதைக் கண்டபோது கார்னிடின் கடத்தியாக இருக்கலாம் என்று எழுதினார்கள். செடியிலும் கொழுப்பு மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகிறது என்பவர்களுக்கு அது பெரிய தெம்பு. பிற்பாடு ஆராய்ந்தால் அது கடத்துவது குளூட்டமேட். கணினியில் வரிசையை ஒப்பிட்டு வரும் பெயர், ரேஷன் கார்டில் ஏறிய தவறான பெயர் மாதிரி. ஒருமுறை ஏறிவிட்டால் எல்லாத் தாளிலும் அதுவே வரும். புரதத்தைக் கையில் எடுத்து, அது எதைக் கடத்துகிறது என்று பார்த்தவர் சொல்வதைக் கேளுங்கள்.

11. முடிந்தால் செடியையே சாட்சிக்கூண்டில் ஏற்றுங்கள்.

1980களிலும் 1990களிலும் பட்டாணி போன்ற முளைகளின் மைட்டோகாண்ட்ரியாவிலும் பீட்டா ஆக்சிஜனேற்றம் நடக்கிறது என்று கட்டுரைகள் வந்தன. மற்ற ஆய்வகங்கள் ஒப்பவில்லை. குழாயை வைத்துக்கொண்டு எத்தனை நாள் வாதாடுவது? ஜப்பானில் ஹயாஷியும் நிஷிமுராவும் குழுவினரும் 1998-ல் வேறு வழி பிடித்தார்கள். 2,4-டிபி என்ற வேதிப்பொருள் தன்னளவில் செடிக்குப் பெரிய கேடு செய்யாது. பீட்டா ஆக்சிஜனேற்றம் அதன் வாலில் இரண்டு கரியை வெட்டினால் 2,4-டி என்ற களைக்கொல்லி ஆகிவிடும். வெட்டும் கை உள்ள செடி தன் நஞ்சைத் தானே காய்ச்சிக்கொள்ளும். கை இல்லாத செடி பிழைக்கும். பிழைத்தவற்றைப் பொறுக்கியெடுத்தார்கள்.

அவற்றில் ஒன்றில் கிளையாக்சிசோமின் தயோலேஸ், அதாவது கடைசி வெட்டைச் செய்யும் நொதி, பழுதாகியிருந்தது. அந்த விதை முளைத்தாலும் வளரவில்லை. எண்ணெய் அப்படியே கிடந்தது. தட்டில் சுக்ரோஸ் போட்டுக் கொடுத்தால் வளர்ந்தது. யோசித்துப் பாருங்கள்: அந்தச் செடியின் மைட்டோகாண்ட்ரியா நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குக் கொழுப்பை வெட்டத் தெரிந்திருந்தால், கையில் எண்ணெயை வைத்துக்கொண்டு அந்த முளை ஏன் சர்க்கரைக்கு ஏங்க வேண்டும்? நூறு சென்ட்ரிபியூஜ் சொல்லாததை ஒரு முளை சொல்லிவிட்டது.

12. "ஒருபோதும்" என்ற சொல்லைப் பூட்டி வையுங்கள்.

சேமிப்பு எண்ணெயின் கொழுப்பு அமிலம் செடியில் பெராக்சிசோமில் உடைகிறது. இதை உறுதியாக எழுதலாம். ஆனால் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் அமிலச் சங்கிலிகளுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். லூசின், ஐசோலூசின், வாலின் ஆகிய கிளைத்த அமினோ அமிலங்கள் அங்கே உடைகின்றன. இலையை நெடுநாள் இருட்டில் பட்டினி போட்டால் அந்த உடைப்பில் கிடைக்கும் எலக்ட்ரான்கள் சுவாசச் சங்கிலிக்குள் போய்ச் செடியைத் தாங்குகின்றன. இன்னொரு விந்தை: செடியின் மைட்டோகாண்ட்ரியா கொழுப்பு அமிலத்தைக் கட்டவும் செய்கிறது. அங்கே உருவாகும் எட்டுக் கரி அமிலத்திலிருந்துதான் லிப்போயிக் அமிலம் வருகிறது. உடைப்பதாக நாம் நினைத்த இடத்தில் கட்டுமானம் நடக்கிறது!

13. சக்தி ஒன்றே பயன் என்று நினைக்காதீர்கள்.

புழு கடித்த இலை எழுப்பும் அபாயக் குரலான ஜாஸ்மோனிக் அமிலத்தின் கடைசிப் படிகள் பெராக்சிசோமில் நடக்கும் பீட்டா ஆக்சிஜனேற்றமே. பதியன் போடும்போது வேர்விடப் பூசும் ஐபிஏ, செடிக்குள் ஐஏஏ என்ற ஆக்சினாக மாறுவதும் அதே கத்தியால்தான். ஆகவே பீட்டா ஆக்சிஜனேற்றம் பழுதான செடி நோஞ்சானாக நின்றால், பட்டினியால் நிற்கிறதா, ஹார்மோன் குறைவால் நிற்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். சர்க்கரை கொடுத்து எழுந்தால் பட்டினி.

14. கேள்வியைத் திருத்தி எழுதுங்கள்.

உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் "செடியின் மைட்டோகாண்ட்ரியா கொழுப்பு அமிலத்தை எப்படி உடைக்கிறது" என்று எழுதியிருந்தால் அதை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: "இந்தச் செடியில், இந்தத் திசுவில், முளைத்த இந்த நாளில், கொழுப்பு அமிலம் எந்த அறையில் வெட்டுப்படுகிறது? வெட்டியது எங்கே போகிறது?" கேள்வி நீளமாகிவிட்டது, உண்மைதான். ஆனால் இதற்கு ஆமணக்கு பதில் சொல்லும். முந்தையதற்கு எலிதான் பதில் சொல்லும்.

புதிய முடிவு கிடைத்தால் தயங்காமல் என்னிடம் வாருங்கள். பீவர்ஸ் தவறு என்று நீங்கள் காட்டினால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. வரும்போது கேட்டலேஸ் கணக்கையும் கையோடு கொண்டு வாருங்கள்.